ஓணான் மறுபடி ஓடுது

எனக்கு வாய் ஜாஸ்தின்னு எங்க ஷூ ஃபேக்டரில எல்லாரும் சொல்வாங்க. சொல்லட்டும். நாப்பது பொம்பளைங்க வரிசையா உக்காந்து தைக்கிற லைனுக்கு நான் சூப்பர்வைசர், வாய் இல்லன்னா அங்க வேலை நடக்காது. ஆனா இந்த விஷயத்துல என் வாய் ஒண்ணியும் பண்ணல. கைதான் பண்ணிச்சு. போன்ல ஒரு மெயில் அனுப்பிச்சேன், அவ்வளவுதான். அதை எங்கிட்டயே கேட்டுக்கோங்க. வேற யாராவது சொன்னா என்னை நல்லவளாக்கிச் சொல்லிடுவாங்க.

என் பேரு தனகோடி. ஆம்பூர்ல வீடு. கல்யாணம் ஆச்சு, ஒத்து வர்ல, வந்துட்டேன். இப்ப வீட்ல நானும் என் தம்பி மகேந்திரனும்தான், மகின்னு கூப்பிடுவேன். அவனுக்கு முப்பத்திரெண்டு வயசு. பொறக்கும்போதே மூச்சு முட்டி, மூளைக்குக் காத்து போகாம, உடம்பு அவன் சொன்ன பேச்சு கேக்காது. முதுகு நிக்காது. உக்கார வச்சா ஒரு பக்கமா சரிஞ்சிடுவான். பேச்சு கொழகொழன்னு வரும், பழகினவங்களுக்குத்தான் புரியும். ஆனா வலது கை கட்டைவிரல் மட்டும் அவனுக்கு அடங்கும். அந்த ஒரு விரலை வச்சே போன்ல பக்கம் பக்கமா தட்டுவான். எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆண்டவன் குடுத்த புத்தியை அவன் ஒருத்தனே வச்சிக்கினான்.

அவனுக்கு ரோலர் கோஸ்டர் பைத்தியம். எந்த நாட்ல எந்த கோஸ்டர் எத்தினி அடி ஏறுது, எந்த எடத்துல தலைகீழா திரும்புதுன்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்வான். எல்லாம் வீடியோவுல பார்த்தது. நெஜமா அவன் ஏறினது ஒண்ணே ஒண்ணுலதான். ஓணான்ல.

வேலூர்லர்ந்து ஆம்பூர் வர்ற ஹைவேஸ்ல, விரிஞ்சிபுரம் தாண்டினதும் தங்கமீன் பார்க் இருக்கு. எங்க பக்கத்து ஜனங்களுக்கு ஸ்கூல் டூரும் அங்கதான், ஃபேக்டரி டூரும் அங்கதான், பொண்ணு மாப்பிள்ளை மொத தடவை ஜோடியா வெளிய போறதும் அங்கதான். அங்க இருபது வருஷமா ஒரு ரயில் ஓடுது. கம்பெனிக்காரங்க அதுக்கு வச்ச பேரு டிராகன். முன்னாடி தலை செஞ்சவரு டிராகனை எங்க பார்த்தாரோ தெரியல, பச்சைக் கலர்ல முழிச்சிக்கினு இருக்கிற ஓணானா செஞ்சு வச்சிட்டார். மொத நாளே ஜனங்க பேரை மாத்திட்டாங்க.

ஒம்பது வருஷம் முன்னாடி எங்க செக்‌ஷன் டூர் போச்சு. போனஸ் வந்ததும் ஒவ்வொரு செக்‌ஷனும் ஒரு பஸ் புடிச்சிக்கினு போறது எங்க வழக்கம். அன்னிக்கு மகியையும் தூக்கி பஸ்ல உக்கார வச்சிக்கினேன். எல்லாரும் தண்ணில ஆடப் போய்ட்டாங்க. இவன் ஓணானுக்குக் கீழ வீல்சேரை நிறுத்தச் சொல்லிட்டு மூணு மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கினே இருந்தான். ரயிலை ஓட்டுறவரு சர்தார் பாஷா. அவர் எறங்கி வந்து, "இன்னா தம்பி, ஏறுறியா?" ன்னு கேட்டார். நான் சண்டைக்கே போய்ட்டேன். முதுகு நிக்காத புள்ளையைப் பார்த்துக் கேக்கிற கேள்வியா இதுன்னு கத்தினேன். மனுஷன் கோவப்படல. "இன்னிக்கு இல்லம்மா. நல்லா ஒரு பெல்ட்டு இருந்தா ஏத்தலாம். நீங்க ஷூ கம்பெனிதானே?" ன்னார்.

ஆம்பூர்க்காரிகிட்ட போய்க் கேட்டார் பாருங்க. தோலும் பக்கிளும் நூலும் எங்க ஊர்ல குப்பையில கெடக்கும். ரெண்டு வாரத்துல தைச்சேன். தடிமனான எருமைத்தோல், உள்ளுக்குள்ள நைலான் பட்டை, தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ஒண்ணு, காலுக்கு நடுவுல ஒண்ணு, எல்லாத்துலயும் டபுள் தையல். எங்க ஃபேக்டரி லேப்ல உமைமான்னு ஒரு பொண்ணு. ஷூ வாரு எவ்வளவு இழுத்தா அறுந்துபோகும்னு பார்க்கிற மிஷின்ல அவ இதை மாட்டினா. நாலு ஆம்பளைங்க தொங்கினாலும் அறுந்துபோகாதுன்னு தெரிஞ்சுது. நான் கேக்காமலே சரக்கு வாங்கற வெளிநாட்டு கம்பெனிக்குக் குடுக்கிற மாதிரி ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டும் அடிச்சுக் குடுத்தா. "செருப்புக்கே குடுக்கிறோம், மகி அண்ணனுக்குக் குடுக்க மாட்டனா அக்கா" ன்னா.

பாஷா பாயும் நானும் சேர்ந்து அவனைத் தூக்கி உக்கார வச்சோம். பெல்ட்டு போட்டோம், அவன் சரியாம புடிச்சிக்க நானும் பக்கத்துல உக்காந்துக்கினேன். மொதல்ல மணல் மூட்டையை வச்சு ஓட்டிப் பார்த்துட்டுத்தான் இவனை ஏத்தினார் பாய், அதையும் சொல்லிடறேன். எறங்கினதும் மகி அழுதான். நான் பயந்துட்டேன். எங்கியாவது அடிபட்டுடுச்சான்னு தடவித் தடவிப் பார்த்தேன். அப்பாலதான் சொன்னான், "மூணாவது வளைவுல ரயில் மேல தூக்குதுக்கா. ரெண்டு செகண்டு. அந்த ரெண்டு செகண்டு என் உடம்பு எனக்கு பாரமா இல்ல."

அதுக்கப்புறம் வருஷத்துக்கு ரெண்டு தடவை, கூட்டமில்லாத செவ்வாக்கிழமையா பார்த்து, லீவு போட்டு இட்டுனு போவேன். பதினெட்டு தடவை போயிருக்கோம். மீதி நாளெல்லாம் அந்த ரெண்டு செகண்டுக்காகத்தான் அவன் காத்துக்கினு இருந்தான். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லல.

போன்ல அவன் ஒரு குரூப் வச்சிருந்தான். பேரு தங்கமீன் தோஸ்த்துங்க. விளையாட்டா ஆரம்பிச்சது, எண்ணூறு பேர் சேர்ந்துட்டாங்க. எந்த ரைடுல கூட்டம் கம்மி, எந்த கேன்டீன்ல போண்டா நல்லா இருக்கு, ஓணானுக்கு எப்போ பெயின்ட் அடிச்சாங்கன்னு நாள் பூரா பேச்சு. அவங்களுக்கு இவன் அட்மின் மகி. எல்லாம் தெரிஞ்ச ஆளு. இவன் வீல்சேர்ல இருக்கான்னு அதுல ஒருத்தருக்கும் தெரியாது. சொல்லேன்டான்னு நான் சொன்னதுக்கு, "இங்கயாவது நான் சும்மா மகியா இருக்கேனே" ன்னான். அதோட விட்டுட்டேன்.

போன ஜனவரில சேதி வந்துச்சு. பெங்களூர்ல ஜிங்காரான்னு ஒரு பெரிய பார்க் கம்பெனி. அதுவும் தங்கமீனும் ஒண்ணாவுதாம். பேப்பர்ல ரெண்டு முதலாளியும் கை குலுக்கிக்கினு பல்லைக் காட்டிக்கினு நின்னாங்க. குரூப்ல அன்னிக்கு மட்டும் ஆயிரம் மெசேஜ். நான் டீ டைம்ல படிச்சு படிச்சு சிரிச்சேன். திமிரி ஊர்லர்ந்து ஒருத்தர், "நான் பொண்ணு பார்த்ததே தங்கமீன் ஐஸ்கிரீம் கடையிலதான், அதை இடிச்சா என் கல்யாணம் செல்லுமா?" ன்னு கேட்டிருந்தார். ஒருத்தன் பெரிய கம்பெனி வந்தா பெரிய ரைடு வரும்னு குஷியானான், அவனை நாப்பது பேர் சேர்ந்து துரோகின்னாங்க. குடியாத்தத்துல பவர்லூம் வச்சு லுங்கி ஓட்டுற இளம்பரிதின்னு ஒருத்தர், குரூப்புலயே சத்தம் ஜாஸ்தியான ஆளு. அவர் எழுதினார்: "எங்க தறில நூலுக்கு முடிச்சு போடறோம்னா எங்கியோ ஒண்ணு அறுந்துடுச்சுன்னு அர்த்தம். எது அறுந்துதுன்னு பாருங்க."

ஒரு வாரத்துல தெரிஞ்சுடுச்சு. ஜிங்காரா போட்ட புது பிளான் படம் ஒண்ணு எப்படியோ வெளிய வந்துது. ஓணான் இருக்கிற எடத்துல அலை அடிக்கிற குளம் வரைஞ்சிருந்தாங்க.

மகி அன்னிக்கு சாப்பிடல. மறுநாள் காலையில போனை மடியில வைக்கச் சொன்னான், மூணு நாள் கீழ விடல. அந்த ஒத்தை விரலாலயே ஓணானைக் காப்பாத்துங்கன்னு ஒரு மனு எழுதினான். தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு. எத்தினி பேர் அதுல ஏறியிருப்பாங்க, எத்தினி புள்ளைங்க அதுல பயம் தெளிஞ்சிருக்கும்னு எல்லாம் எழுதினான். தன்னைப் பத்தி ஒரு வரி எழுதல. பதினோராயிரம் பேர் கையெழுத்து போட்டாங்க. இளம்பரிதி ஓணான் படம் போட்ட லுங்கி நெய்யறேன்னு கிளம்பிட்டார். எங்க லைன்ல நாப்பது பேரையும் ஒரே லஞ்ச் டைம்ல கையெழுத்து போட வச்சேன், அதுல ரெண்டு பேர் தங்கமீன் பக்கமே போனதில்ல.

கம்பெனிலர்ந்து பதில் வந்துது. உங்கள் அன்புக்கு நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். அதே பதில் எல்லாருக்கும். மகி திரும்ப எழுதினான். ரெண்டாவது பதில் வந்துது: பழைய ரைடுகளின் பாதுகாப்பை ஆய்வு செய்து வருகிறோம், அதன் பிறகே முடிவு.

பாதுகாப்பு. ஆய்வு. அந்த ரெண்டு வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு தெம்பு வந்துடுச்சு. ஏன்னா அது எனக்குத் தெரிஞ்ச பாஷை. எங்க ஃபேக்டரிக்கு வருஷத்துக்கு நாலு தடவை வெளிநாட்டுலர்ந்து ஆடிட்டர் வருவாங்க. தோல் நல்லா இருக்குன்னு நீங்க தொண்டை கிழிய கத்தினாலும் காதுல வாங்க மாட்டாங்க. டெஸ்ட் ரிப்போர்ட்டைத் தூக்கி மேசையில வச்சா உடனே தலையாட்டிட்டு கையெழுத்து போட்டுட்டுப் போயிடுவாங்க. இருபது வருஷமா நான் பார்த்தது அதான். மறைச்சா சந்தேகம், காட்டினா ஓகே.

நான் மகிகிட்ட சொன்னேன். "உன் பெல்ட்டு ரிப்போர்ட்டையும், போன வருஷம் எடுத்த வீடியோவையும் அனுப்புவோம்டா. உன்னையே ஒம்பது வருஷமா ஒரு கீறல் இல்லாம ஏத்தி எறக்கின ரயிலு. இதுக்கு மேல இன்னா ப்ரூஃப் வேணும் அவங்களுக்கு?"

அவன் வேணாம்னு தலையை ஆட்டினான். அவனுக்குத் தலையாட்டறது லேசு இல்ல, கழுத்து நரம்பு இழுக்கும். "வேணாம்க்கா. உலகத்துல எந்த கோஸ்டர்லயும் என்னை மாதிரி ஆளை ஏத்த மாட்டாங்க. பாஷா பாய் கண்ணை மூடிக்கினு ஏத்தினார். அதைக் காட்டாதே."

"தப்பு பண்ணாத்தான்டா மறைக்கணும்."

"என்னைக் காட்டி கெஞ்சவும் வேணாம்."

கெஞ்சறதுன்னு அவன் சொன்னதுதான் எனக்குச் சுருக்குன்னுது. கெஞ்சறது வேற, ப்ரூஃப் காட்டறது வேறன்னு கத்தினேன். அவன் மூஞ்சியைத் திருப்பிக்கினான். ரெண்டு நாள் பேசிக்கல.

மூணாவது நாள் டீ டைம்ல அனுப்பிச்சிட்டேன். குரூப்புக்குன்னு மகி வச்சிருந்த மெயில் ஐடி என் போன்லயும் இருந்துது. உமைமா பக்கத்துல உக்காந்து இங்கிலீஷ் போட்டா. "அண்ணனுக்குத் தெரியுமா அக்கா?" ன்னு கேட்டா. தெரியும்னேன். அவனுக்குத் தெரியாம எவ்வளவோ செஞ்சிருக்கேன், மாத்திரையைச் சாதத்துல பெசைஞ்சு குடுத்ததுலர்ந்து. அதோட ஒண்ணுன்னு நெனைச்சேன். வீடியோ, ரிப்போர்ட்டு, பெல்ட்டு போட்டோ நாலு கோணத்துல. எங்க சர்தார் பாஷா எவ்வளவு பொறுப்பான மனுஷன் பாருங்கன்னு பேரையும் போட்டேன். அவர் பேரு விட்டுப்போச்சேன்னு அனுப்பறதுக்கு முன்னாடி ஞாபகம் வந்து நானே சேர்த்தேன். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கினது இப்படித்தான்.

மூணு வாரம் ஒண்ணியும் வர்ல. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் தங்கமீனோட ஆன்லைன் பக்கத்துலயே போட்டாங்க. ரசிகர்களின் அன்பைப் பார்த்து ஓணானை எடுக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்களாம். தண்டவாளம் மாத்தி, பெயின்ட் அடிச்சு, மே மாசம் திரும்பத் திறக்கறாங்களாம். டிராகன்ற பேரையே எடுத்துட்டு ஓணான்னே பேர் வச்சிட்டாங்க. குரூப்ல அன்னிக்கு அமர்க்களம். இளம்பரிதி குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுல பட்டாசு வெடிச்சு வீடியோ போட்டார். அட்மின் மகி வாழ்கன்னு எழுதினாங்க. நான் ஃபேக்டரிலர்ந்து வரும்போது ஜிலேபி வாங்கிக்கினு வந்தேன். நான் அனுப்பினதாலதான் நடந்துதுன்னு மனசுக்குள்ள குதிச்சுக்கினே வந்தேன், அதையும் சொல்லணும்.

வீட்டுக்குள்ள போனா மகி போனை மடியில போட்டுட்டு செவுத்தைப் பார்த்துக்கினு இருந்தான். எடுத்துப் படின்னு கண்ணால காட்டினான்.

குரூப் மெயிலுக்குத் தனியா ஒண்ணு வந்திருந்துது. மரியாதையா எழுதியிருந்தாங்க. நீங்க அனுப்பின வீடியோவும் ரிப்போர்ட்டும் எங்க பாதுகாப்புக் குழுவுக்கு ரொம்ப உதவியா இருந்துது. அனுமதி இல்லாத பெல்ட்டை வச்சு ஆளை ஏத்தினது இப்பதான் எங்களுக்குத் தெரிய வந்துது. இனிமே தானே நிமிர்ந்து உக்காரவும், கைப்பிடியைப் புடிக்கவும் முடியறவங்க மட்டும்தான் ஓணான்ல ஏறலாம். வெளிலர்ந்து எந்தப் பொருளும் மாட்டக்கூடாது. சம்பந்தப்பட்ட ஊழியரை வேற வேலைக்கு மாத்தியாச்சு. ஓணான் எல்லாருக்கும் பாதுகாப்பா இருக்க நீங்க செஞ்ச உதவிக்கு நன்றி.

நான் ரெண்டு தடவை படிச்சேன். ஜிலேபி பொட்டலம் கையிலயே இருந்துது.

"நான்தான்டா அனுப்பிச்சேன்" ன்னேன்.

"தெரியும்."

"திட்டுடா."

"திட்டி இன்னா?" ன்னான்.

அவன் திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். சண்டை போட்டிருப்போம், அழுதிருப்போம், சரியாப் போயிருக்கும். அவன் போனைத் திரும்ப மடியில வைக்கச் சொல்லி குரூப்ல எழுத ஆரம்பிச்சான். ஜெயிச்சிட்டோம் தோஸ்த்துங்களே, எல்லாருக்கும் நன்றின்னு. கட்டைவிரல் எப்பவும் போலத்தான் தட்டிச்சு. நான் அடுப்படிக்குப் போய் நின்னுக்கினு அழுதேன். வாயில முந்தானையை வச்சிக்கினு அழுதேன், அவனுக்குக் கேக்கக்கூடாதுன்னு.

மறுநாள் லீவு போட்டுட்டு தங்கமீனுக்குப் போனேன். சண்டை போடறதுன்னே போனேன். மேனேஜர் ஒரு சின்ன வயசுப் பொண்ணு, பெங்களூர்லர்ந்து வந்தது, தமிழ் நல்லாவே பேசிச்சு. உக்காருங்க மேடம்னு சொல்லி மோர் குடுத்துச்சு. நான் பெல்ட்டை மேசை மேல வச்சேன். எந்த லேபுக்கு வேணாலும் அனுப்புங்க, எத்தினி மூட்டை வேணாலும் கட்டித் தொங்க விடுங்கன்னேன். அந்தப் பொண்ணு பெல்ட்டை எடுத்து தையலைத் தடவிப் பார்த்துச்சு. ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்கன்னுது.

"அப்புறம் இன்னாம்மா?"

"அந்த ரயிலைச் செஞ்ச கம்பெனி ஒத்துக்கிட்டு கையெழுத்து போடணும் மேடம். சீட்ல எதை மாட்டணும்னாலும் அவங்கதான் சொல்லணும்."

"அவங்க எங்க இருக்காங்க, நான் போறேன்."

"அந்தக் கம்பெனியை மூடி பன்னெண்டு வருஷம் ஆச்சு."

மூடின கம்பெனிகிட்ட யார் போய் கையெழுத்து வாங்கறது? அந்தப் பொண்ணுக்கும் கண்ணு கலங்கிச்சு. அதோட அண்ணன் பையன் ஒருத்தன் இப்படித்தானாம். உங்க தம்பிக்கு தண்ணி பக்கம் சாய்வுப் பாதை போட்டிருக்கோம், எப்ப வேணாலும் கூட்டிட்டு வாங்கன்னுது. எனக்கு இருக்கிற கோவத்துக்கு ஒரு கெட்டவன் கெடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அங்க யாரும் கெட்டவங்க இல்ல. அதான் பேஜார். மோரைக் குடிச்சிட்டு பெல்ட்டைப் பையில போட்டுக்கினு எந்திரிச்சேன்.

வெளிய கார் நிறுத்தற எடத்துல பாஷா பாய் விசில் வச்சிக்கினு நின்னார். தலையில கர்சீப்பு. இருபது வருஷம் ரயில் ஓட்டின மனுஷன். நான் கிட்ட போய் அவர் காலைத் தொடப் போனேன். பின்னாடி நகர்ந்துக்கினார்.

"என்னம்மா இது. நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

"உங்க பேரை நான்தான் பாய் எழுதினேன்."

"தெரியும், காட்டினாங்க. பொறுப்பான மனுஷன்னு எழுதியிருந்தீங்க." கொஞ்ச நேரம் ஒரு காரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிட்டு வந்தார். "வேலை போகல, அது போதும். வெயில்தான் கொஞ்சம் ஜாஸ்தி. தம்பி எப்படி இருக்காப்ல?"

நல்லா இருக்கான்னேன். வேற இன்னா சொல்றது?

மே மாசம் மொத ஞாயித்துக்கிழமை திறப்பு. தோஸ்த்துங்க எல்லாரும் போறதுன்னு முடிவாச்சு. அட்மின் வந்தே ஆவணும்னு ஒரே பிடிவாதம். பேனர்ல போட மகி போட்டோவைக் கேட்டார் இளம்பரிதி. இவன் ஓணான் படத்தை அனுப்பிச்சான். போக வேணாம்டா, உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்டான்னேன். "எட்டு வருஷமா பேசிக்கினு இருக்கோம்க்கா. ஒரு தடவை பார்க்கணும் அவங்களை" ன்னான். நீல சட்டை போடச் சொன்னான். சவரம் பண்ணி விட்டேன். ஆட்டோ புடிச்சுப் போனோம்.

வாசல்ல நூறு பேர் இருப்பாங்க. பேனரு, மாலை, ரெண்டு பேர் தாரை தப்பட்டை. நான் வீல்சேரைத் தள்ளிக்கினு போனதும் வழி விட்டாங்க, ஏதோ வேற ஆளுன்னு நெனைச்சுட்டு. மகி மடியில இருந்த போன்ல தட்டினான். குரூப்ல ஒரு மெசேஜ் வந்து எல்லார் போனும் ஒண்ணா அடிச்சுது. "நீல சட்டை நான்தான்." தப்பட்டைக்காரர் நிறுத்திட்டார். இளம்பரிதி கையில மாலையோட நின்னார், பெரிய உருவம், மீசை. அவர் குனிஞ்சு மகி கழுத்துல மாலையைப் போட்டார்.

அப்புறம் ஓணான் கிட்ட போனோம். புதுப் பச்சை, புதுக் கண்ணு. வரிசை ஆரம்பிக்கிற எடத்துல ரூல் எழுதின போர்டு. படிச்சாங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கினாங்க. அப்பதான் அவங்களுக்கு விஷயம் வெளங்கிச்சு.

"நாங்களும் ஏற மாட்டோம்" ன்னார் இளம்பரிதி. "அட்மின் இல்லாத ஓணான் எங்களுக்கு எதுக்கு? திரும்பப் போலாம் வாங்க." நாலஞ்சு பேர் ஆமாம்னாங்க. திமிரிக்காரர் பொண்டாட்டி கண்ணைத் தொடைச்சிக்கினாங்க. எனக்கு அவங்க எல்லாரும் திரும்பிப் போயிடணும்னுதான் இருந்துது. அப்படியாவது யாராவது எதையாவது செய்யட்டும்னு இருந்துது.

மகி தட்டினான். எல்லார் போனும் மறுபடி அடிச்சுது. "இதுக்குத்தானே பதினோராயிரம் பேர் கையெழுத்து போட்டோம். ஏறுங்க. ஏறாம போனா நாளைக்கே கூட்டமில்லன்னு கழட்டிடுவான்."

அவன் சொன்னது ஞாயம். அவங்களுக்கும் அது தெரிஞ்சுது. மெதுவா ஒவ்வொருத்தரா வரிசையில போய் நின்னாங்க. மொத ரெண்டு வண்டி சத்தமே இல்லாம போச்சு. மூணாவதுல ஆரம்பிச்சுது கூச்சல். கூச்சல் போடாம அதுல போகவும் முடியாது. இளம்பரிதி எறங்கி வரும்போது மூஞ்சி பூரா சிரிப்பு, எங்களைப் பார்த்ததும் அடக்கிக்கினார்.

"நீ போ" ன்னான் மகி என்னைப் பார்த்து.

"நான் எதுக்குடா?"

"தண்டவாளம் மாத்தியிருக்காங்க. மூணாவது வளைவுல இன்னும் தூக்குதான்னு தெரியணும். போய்ட்டு வந்து சொல்லு."

மாட்டேன்னேன். அவன் பார்த்துக்கினே இருந்தான். நான் அவனுக்கு எதைச் செய்ய முடியும் இனிமே, இதைச் செய்யலாம்னு போனேன்.

பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு உக்காந்துச்சு. கம்பி வந்து மடியில பூட்டிக்கிச்சு. ரயில் ஏறும்போது என் ரெண்டு கையும் தானா அந்தப் பொண்ணு நெஞ்சுக்குக் குறுக்க போச்சு. "இன்னா ஆன்ட்டி?" ன்னுது. ஒண்ணியும் இல்லம்மான்னு கையை இழுத்துக்கினேன். மேல போனதும் பாலாறு தெரிஞ்சுது. விரிஞ்சிபுரம் கோபுரம் தெரிஞ்சுது. இதெல்லாம் தெரியும்னே எனக்குத் தெரியாது. பதினெட்டு தடவை வந்திருக்கேன், அவன் சரியாம புடிச்சிக்கினு, பக்கிளையே பார்த்துக்கினு வந்திருக்கேன்.

மொத வளைவு. ரெண்டாவது. மூணாவதுல ரயில் சட்டுன்னு கீழ விழுந்துது, நான் விழல. சீட்டை விட்டு எந்திரிச்சேன். நாப்பத்தோரு வயசு உடம்பு, கால் வலி, முட்டி வலி, காலையில அவனைத் தூக்கின இடுப்பு வலி, எல்லாம் எங்கியோ போச்சு. ரெண்டு செகண்டு. நல்லா இருந்துது. பாவி, எனக்கு நல்லா இருந்துது.

எறங்கி வந்தேன். அவன் கேட்டான், "தூக்கிச்சா?"

வர்ற வழியில படிக்கட்டுலயே முடிவு பண்ணிட்டேன், இன்னா சொல்றதுன்னு. "இல்லடா" ன்னேன். "முன்ன மாதிரி இல்ல. கெடுத்துட்டானுங்க. நீ ஏறினாலும் உனக்குப் புடிக்காது."

அவன் என் மூஞ்சியையே பார்த்தான். நான் வேற பக்கம் திரும்பிக்கினேன்.

"தூக்கிச்சு" ன்னான்.

அவன் மடியில இருந்த போன்ல கட்டைவிரலால தட்ட ஆரம்பிச்சான். என் போன் கைக்குள்ள அடிச்சுது, எடுத்துப் பார்த்தேன். "மூணாவது வளைவு அப்படியே இருக்கு தோஸ்த்துங்களே. பயப்படாம வாங்க." நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எந்த நாள்ல கூட்டம் கம்மியா இருக்கும்னு நாலு பேர் கேட்டுட்டாங்க. செவ்வாக்கிழமைன்னு அவன் எழுதினான்.